ஏழு நாள் பார்வைக்கு

வைரத்தின் மேல் மூச்சை ஊதினால் ஆவி நிற்காது. ஊதிய கணமே கலைந்துபோகும். கண்ணாடிக் கல்லில் நிற்கும், ஒன்று இரண்டு என்று எண்ணலாம், அதுவரை நிற்கும். வைரத்தில் அதற்குள் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடும். யாருடைய மூச்சையும் வைத்துக்கொள்ளாத கல். இதை எனக்குக் காட்டியவர் தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், குறுகலான ஒரு மாடியில் கல் வியாபாரம் செய்யும் பாய்.

வைரத்தைப் பற்றி எனக்கு இன்று நிறையத் தெரியும். எண்ணெயும் மஞ்சளும் அதற்கு எதிரி. கல்லின் முதுகில் படிந்தால் விளக்கைத் தணித்த மாதிரி ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை, தேய்ந்த பல் பிரஷ், மெல்ல, பின்பக்கத்திலிருந்து. முத்தோடு ஒரே பெட்டியில் போடக் கூடாது, முத்தைக் கீறிவிடும். தெரியும், எல்லாம் தெரியும். தோட்டுத் திருகைத் திருகும்போது கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ள வேண்டும், அதுகூடத் தெரியும். என் மனைவியின் இடது காதுக்குப் பின்னால் என்ன வளர்ந்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

இழுக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் காது அடைத்தது. நாங்கள் கல்லின் மேல் பழி போட்டோம். எட்டு மாதம் போயிற்று. அந்த எட்டு மாதத்தில்தான் அவளைக் காப்பாற்றியிருக்கலாம்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிற வருஷம் அது. மயிலாப்பூரில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாம் மாடி வீடு. அவள் அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் எழுதுகிறவன், அதாவது வீட்டில் இருக்கிறவன். கல்யாணத்தில் அவளுக்குப் போட்டது ஒற்றைக்கல் தோடு, எள்ளளவு கல். ஏழு கல் தோடு வாங்கித் தருகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லி, ஒவ்வொரு வருஷமும் ஒரு கவிதை எழுதித் தந்தேன். அவள் அவற்றை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தாள்.

"ஃபைல் ரொம்பிடுத்துன்னா," என்றாள் அந்த வருஷம். "இதுக்கு மேல காதுலதான் இடம் இருக்கு."

பாயின் மாடிக்கு அழைத்துப் போனேன். வெள்ளைத் துணி விரித்த மேஜை, வடக்கு பார்த்த ஜன்னல், டியூப்லைட் கிடையாது. கல் பார்ப்பதற்குப் பகல் வெளிச்சம்தான் என்பார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாய் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடித்த காகிதப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, பூ மாதிரி. ஒரு ஜோடியை எடுத்து வைத்தபோது அவள் பேசவில்லை. கணக்கு டீச்சர் பேசாமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் குடும்பங்களில் வைரத்தைப் பார்த்த கையோடு வாங்குவதில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து, போட்டுக்கொண்டு, அதோடு தூங்கி எழுந்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நாட்களில் வீட்டில் யாராவது வழுக்கி விழுந்தால், ஜுரம் வந்தால், காரணமில்லாமல் சண்டை மூண்டால், கல் ஆகவில்லை என்று அர்த்தம். திருப்பிவிடலாம். ஏன் என்று வியாபாரி கேட்க மாட்டார். திருப்புகிறவரும் சொல்லக் கூடாது. சொன்னால் கல்லுக்குப் பேர் கெட்டுப்போகும், அப்புறம் அதை யாரும் தொட மாட்டார்கள். எழுதாத சட்டம். இரண்டு பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டு நடக்கும் ஒரு மரியாதை.

"ஏழு நாள் வெச்சுக்கோங்க சார்," என்றார் பாய். "விலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மாப்பிள்ளைக்குக்கூட இந்த வசதி கிடையாது பாருங்க, கல்லுக்கு மட்டும்தான் உண்டு."

அதை அவர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தரம் கேட்டதும் அவள் சிரித்தாள். "இருந்திருந்தா நான் இவரை மூணாம் நாளே கொண்டு வந்து குடுத்திருப்பேன் பாய்."

"குடுத்திருந்தா நான் ஏன்னு கேட்டிருக்க மாட்டேம்மா," என்றார் பாய். மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். கூடவே ஒரு லென்ஸையும் கொடுத்தனுப்பினார். "ஓய்வா உக்காந்து பாருங்க சார், உள்ள ஒரு ஊரே இருக்கும்."

முதல் நாள் முழுக்க அவள் கண்ணாடியாகத் தேடினாள். லிஃப்ட்டின் எஃகுக் கதவு, அணைத்து வைத்த டிவி, சாம்பார்க் கரண்டியின் முதுகு. தலையை ஆட்டி ஆட்டி, சுவரில் விழும் சின்னச் சின்ன நிறங்களைத் துரத்தினாள். ஐம்பது வயசுக்காரி. ஆறாம் வகுப்புக் குழந்தை மாதிரி இருந்தாள்.

இரண்டாம் நாள் போன் வந்தபோது இடது காதில் வைத்தாள், உடனே வலது காதுக்கு மாற்றினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தோடு இடிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், "காது அடைச்சாப்ல இருக்குன்னா," என்றாள். "பிளேன் எறங்கறச்சே இருக்குமே, அந்த மாதிரி."

"கனமா இருக்கா?"

"கனம் இல்லை. உள்ளே."

நான்காம் நாள் காலை மூக்கைச் சிந்தினவள் கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். ஒரு இழை சிவப்பு. அவ்வளவுதான், சிவப்பு மசியில் யாரோ பேனா முனையைச் சரிபார்த்த மாதிரி.

"ஒரு தரம் டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடலாமான்னா?"

கேட்டாள். என்னைப் பார்த்து, இந்த வார்த்தைகளில், கேட்டாள். இதை நான் மாற்ற முடியாது. எத்தனையோ வாக்கியங்களை அடித்துத் திருத்தியிருக்கிறேன், இந்த ஒன்று அப்படியே நிற்கிறது.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். என் அக்கா, கீழ் வீட்டில் இருக்கிறாள், தினமும் காலையில் தயிருக்கு உறை வாங்கிக்கொண்டோ கொடுத்துக்கொண்டோ மேலே வருவாள். அவளும் படித்தவள், முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டியவள். விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எப்பலேர்ந்து?" என்றாள்.

"இதப் போட்டுண்டதுலேர்ந்துதான் அக்கா," என்றாள் மனைவி.

அக்கா கிட்டே வந்து குனிந்தாள். தோட்டை மட்டும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த லென்ஸ எடுடா," என்றாள்.

பால்கனி வெளிச்சத்தில் நான்தான் பார்த்தேன். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை மெல்ல மெல்ல அருகே கொண்டுவர வேண்டும். முதலில் ஒரே மங்கல். பிறகு சட்டென்று கதவு திறந்த மாதிரி உள்ளே போய்விடுவோம். படிக்கட்டுகள், கண்ணாடிச் சுவர்கள், கூடம் கூடமாகப் போகும் வெள்ளை. இடது தோட்டில், சுற்றியிருக்கும் ஆறில் ஒன்றில், ஓரத்தில், மூன்று கிளையாகப் பிரியும் ஒரு நுண்ணிய விரிசல்.

இருந்தது. அது பொய் இல்லை. பூமிக்குள் இருந்த காலத்திலேயே கல்லுக்கு ஏற்பட்ட காயம். பாய் கொடுத்த சான்றிதழிலும் அது குறிக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அதற்கு இறகு என்று பெயர். எங்கள் வீடுகளில் அதே கோட்டுக்குக் காக்காய்க் கால் என்று பெயர். காக்காய்க் கால் இருக்கிற வைரம் வீட்டுக்கு ஆகாது. இறகு என்று படித்துவிட்டு வந்திருந்த நான், லென்ஸுக்குள் கண்டது காக்காய்க் காலைத்தான்.

எனக்கு அந்தக் கணத்தில் என்ன தோன்றியது என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். எத்தனை கட்டுரைகளில் மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்திருப்பேன். ஆனால் ஒரு வலிக்கு ஒரு வடிவம் கிடைத்தால் போதும் எனக்கு, அதை நம்பிவிடுவேன். அது என் தொழில் வியாதி.

"இருக்கு அக்கா," என்றேன். "மூணு விரல்."

"பாத்தியா," என்றாள் அக்கா.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப டாக்டர்?"

"டாக்டர் எதுக்கு," என்றேன். "முதல்ல அதைக் கழட்டு."

கழற்றினாள். அதே நாளில் கொண்டு போய்க் கொடுத்தேன். பாய் பொட்டலத்தை வாங்கினார், பிரித்துப் பதினான்கு கற்களையும் ஒருமுறை பார்த்தார், மடித்தார். என் முகத்தைப் பார்த்தார். எதையோ சொல்ல வந்தது போல இருந்தது. "டீ சாப்பிடுங்க சார்," என்றார். சாப்பிட்டேன். சட்டப்படி நடந்துகொண்டோம், இரண்டு பேரும்.

கேளுங்கள், அதற்கடுத்த நாள் அவள் காது திறந்துகொண்டது. அதுதான் கொடுமை. திறக்காமலே இருந்திருந்தால் அந்த வாரமே ஓடியிருப்போம். திறந்தது. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மாங்காயில் மிளகாய்ப்பொடி தடவி வாங்கிக்கொண்டு, ஈர மணலில் நின்று, "ரெண்டு காதுலயும் அலை கேக்கறதுன்னா," என்றாள். நான் அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. அக்கா கற்பகாம்பாள் சந்நிதியில் நெய்விளக்கு போட்டாள்.

ஒரு வாரம். மறுபடி அடைத்தது. அப்போது எங்களிடம் பதில் தயாராக இருந்தது.

"உடனே போயிடுமா என்ன? அதோட வாசனை போக ஒரு மண்டலம் ஆகும்டா," என்றாள் அக்கா. ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தெட்டு நாள் காத்திருந்தோம். நடுவில் இரண்டு நாள் தேவலையாக இருக்கும், மூன்று நாள் அடைக்கும். தேவலையாக இருந்த நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டோம். பிறகு வெயில் வந்தது. கைக்குட்டையில் சிவப்பு தெரிந்தால் உஷ்ணம் என்றோம். நன்னாரி, வெந்தயம், தலைக்கு எண்ணெய். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூசி என்றோம். தலைவலி வந்தபோது காலாண்டு விடைத்தாள் என்றோம். அவளும் சொன்னாள், நாங்களும் சொன்னோம். டாக்டர் என்ற வார்த்தையை அவள் மறுபடி சொல்லவில்லை. வகுப்பில் பிள்ளைகளை வலது பக்கமாக வந்து சந்தேகம் கேட்கச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் காலை பழைய ஒற்றைக்கல் தோட்டை மாட்டித் திருகிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றாள். "இங்க தொட்டுப் பாருங்கோ." காது மடலுக்குக் கீழே, கழுத்தில், சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அடையாறில் காது மூக்கு டாக்டர். சின்ன வயசுப் பெண், என் மகளாக இருந்திருக்கலாம், எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, திரையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எப்பலேந்து இருக்கும்மா?" என்றாள்.

"ஒரு தோடு போட்டுண்டேன் டாக்டர்," என்றாள் மனைவி. "அன்னிலேர்ந்து."

பேனா நின்றது. "தோடா?"

நான் சொன்னேன். ஏழு நாள், காக்காய்க் கால், மண்டலம், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாத ஒரு இடத்தைப் படம் வரைந்து காட்டினாள். "இந்த எடத்துல வளர்ந்தா முதல்ல ஒரு பக்கக் காதுதான் சார் அடைக்கும். விட்டு விட்டு அடைக்கும். சளியில லேசா ரத்தம் வரும். நிறைய பேர் இப்படித்தான் லேட்டா வராங்க."

"அப்பவே வந்திருந்தா?"

டாக்டர் மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அத இப்ப பேச வேண்டாம் சார்."

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாக எழுத எனக்குத் தெம்பில்லை. ஏழு வாரம் கதிர்வீச்சு. முகத்தின் அச்சில் செய்த பிளாஸ்டிக் வலையை மாட்டி மேஜையோடு பூட்டுவார்கள். "உலோகம் எதுவும் இருக்கக் கூடாதும்மா" என்று நர்ஸ் தினமும் சொல்வாள், தோடு, மூக்குத்தி, தாலிச் சங்கிலி எல்லாம் என் சட்டைப்பையில் இருக்கும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைத் தொட்டுக்கொண்டே இருப்பேன். சூடாக இருக்கும், அவள் சூடு, கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். நாக்கில் ருசி போயிற்று. இடது காது முழுதாகப் போயிற்று. பிறகு ஒரு ஸ்கேன், அது எலும்புக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டது. "இனிமே வலி இல்லாம பாத்துக்கலாம்" என்றார்கள். அவள் விடைத்தாளில் மொத்தம் போடுகிற முகத்தோடு அதைக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் மத்தியானம் கேட்டாள். "அந்தத் தோடு என்னாச்சு?"

"எந்தத் தோடு?"

"நாம திருப்பிக் குடுத்தமே. யாராவது வாங்கிண்டாளா? நம்மால அதுக்குப் பேர் கெட்டிருக்கக் கூடாதுன்னா. பாவம், அது என்ன பண்ணித்து. போய்க் கேட்டுண்டு வாங்கோ."

செத்துக்கொண்டிருக்கிறவள் ஒரு கல்லுக்காகக் கவலைப்பட்டாள். அக்காவை உட்கார வைத்துவிட்டுப் போனேன். தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்ற நேரம் முழுக்க, திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பாயிடம் என்ன சொல்லிக் கேட்பது?

பாய் அதே ஸ்டூலில் இருந்தார். கேட்டேன்.

"அது நல்லபடியா போயிடுச்சு சார். பாலவாக்கம் பக்கம் ஒரு குடும்பம். மருமகப் பொண்ணு போட்டுக்கிச்சு. போன மாசம்தான் குழந்தை பொறந்துச்சுன்னு ஸ்வீட் அனுப்பினாங்க." பிறகு, "அம்மா நல்லாயிருக்காங்களா?" என்றார்.

அப்போது சட்டத்தை உடைத்தேன். ஏன் திருப்பினோம் என்று சொன்னேன். அதற்குப் பின் ஆனதையும் சொன்னேன். பாய் கையிலிருந்த லென்ஸை மூடி மேஜையில் வைத்தார். ரொம்ப நேரம் துணியின் சுருக்கத்தையே நீவிக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் வந்தீங்கல்ல சார். அம்மா அங்க உக்காந்தாங்க. நான் இங்க, அவங்களுக்கு இடது கை பக்கம். நான் பேசறப்பல்லாம் மொகத்த முழுசாத் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ரெண்டு ரெண்டு வாட்டி சொல்ல வேண்டியிருந்துச்சு. தோடு போடறதுக்கு முன்னாடி சார். பொட்டலம் பிரிக்கறதுக்கு முன்னாடிலேந்தே அப்படித்தான்." நிறுத்தினார். "நீங்க திருப்பிக் கொண்டாந்தன்னைக்கு ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, காதுன்னு நீங்க சொல்லியிருப்பீங்க. இதை நானும் சொல்லியிருப்பேன். வாப்பா காலத்துலேந்து கேக்கறதில்ல சார் நாங்க."

 அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆண்கள், நடுவில் வெள்ளைத் துணி, ஜன்னலில் கல் பார்ப்பதற்கென்றே வருகிற அந்த நல்ல வெளிச்சம். கல்லுக்குள் மயிரிழை விரிசலைக் காட்டுகிற வெளிச்சம். எதிரே உட்கார்ந்திருந்தவளை அதே வெளிச்சத்தில் அவர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். அக்கா எழுந்து கீழே போனாள். மனைவி தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"என்ன சொன்னார் பாய்?"

வலது பக்கம் உட்கார்ந்தேன். "பாலவாக்கத்துல ஒரு பொண்ணு போட்டுண்டிருக்காளாம். குழந்தை பொறந்திருக்காம்."

"அப்பாடா," என்றாள். முகம் தெளிந்தது, நிஜமாகவே தெளிந்தது. "கல்லு மேல தப்பில்ல." கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மூடியபடியே, "வேற என்ன சொன்னார்?"

எழுந்தேன். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கம், தலையணையைச் சரி செய்கிற மாதிரி குனிந்தேன். அந்தக் காதுக்கு ரொம்ப அருகில் சொன்னேன். பாய் சொன்னதைச் சொன்னேன். "நீ அன்னிக்கே டாக்டர்ட்ட போலாமான்னு கேட்ட. நான்தான் வேண்டாம்னேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏதாவது சொன்னேளா? மூச்சுக் காத்து மட்டும் படறது. அந்தப் பக்கம் கேக்காதுன்னு எத்தன தரம் சொல்றது. இப்படி வாங்கோ."

சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன்.

"கஞ்சி கொண்டு வரட்டுமான்னு கேட்டேன்."

"அப்பறம்," என்றாள்.

அதற்குப் பின் பத்தொன்பது நாள் இருந்தாள். எல்லா நாளும் நாற்காலியை அந்தக் கேட்கிற பக்கத்தில்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம், அக்காவின் தயிரைப் பற்றிப் பேசினோம். சொல்லவில்லை.